மங்கா ஃபைல் திறக்கவில்லையா? அழிப்பதற்கு முன் ஒருமுறை உள்ளே பாருங்கள்

ரங்கூனில் போன் பழுது பார்க்கிற மேசை என்னுடையது. உடைந்த ஸ்கிரீன், சார்ஜ் ஏறாத பேட்டரி, இவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது என்னிடம் அதிகம் வருவது மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை ஃபைல், திறக்காத பிரச்சினைதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்த கையோடு பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். "அண்ணே, ஓப்பனே ஆகல. டெலிட் பண்ணிட்டேன். வேற எங்க கிடைக்கும்?"

அந்த "டெலிட் பண்ணிட்டேன்" என்ற சொல்தான் எனக்குப் பொறுக்காது. கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, டேட்டாவுக்குக் காசு கட்டி, ராத்திரி கண்விழித்து இறக்கிய ஃபைல் அது. பெரும்பாலும் ஐந்து நிமிஷ வேலைதான் பாக்கி இருந்திருக்கும். சின்ன வயதில் தெருமுனை வாடகைப் புத்தகக் கடையில் பர்மியச் சித்திரக்கதைகளை எடுத்துப் படித்து வளர்ந்தவன் நான். ஒரு பக்கம் கிழிந்திருந்தால் புத்தகத்தையா தூக்கிப் போட்டோம்? சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித்தானே படித்தோம்.

அதனால் வருகிறவர்களிடம் நான் சொல்வதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் போன் என்ன காட்டுகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். டிஜிட்டல் மங்கா இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, பதிப்பகத்தின் ஆப்புக்குள்ளேயே படிப்பது. அதன் பக்கங்கள் நம் கையில் ஃபைலாக இருக்காது. இன்னொன்று, நம் கையில் இருக்கும் ஃபைல்: பூட்டில்லாமல் விற்கும் கடைகளில் வாங்கியது, ஓவியரே இலவசமாக வெளியிட்டது, நம் சொந்தப் புத்தகத்தை நாமே ஸ்கேன் செய்தது. இந்த இரண்டாவது வகை ஃபைல், பெயர் எதுவானாலும், பெரும்பாலும் படங்களைப் போட்டுக் கட்டிய ஒரு பைதான். பையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

"திறக்க முடியாத ஃபைல்" என்று வருகிறது

ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். சி.பி.இசட் என்று இருந்தால் அது ஒரு ஜிப் ஃபைல். சி.பி.ஆர் என்றால் ரார் ஃபைல். மங்கா ரீடர்களுக்கு, அதாவது மங்கா படிக்கும் ஆப்புகளுக்கு, அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெயரின் வாலை மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சி.பி.இசட்டின் வாலை ஜிப் என்று மாற்றினால் எந்த ஜிப் ஆப்பும் அதைப் பிரித்துவிடும். உள்ளே 001, 002 என்று படங்கள் வரிசையாக இருக்கும்.

ஆனால் வால் பொய் சொல்வதும் உண்டு. போன வாரம் ஒரு தம்பி கொண்டுவந்த ஃபைலின் பெயரில் சி.பி.இசட் என்று இருந்தது, மூன்று ரீடரிலும் திறக்கவில்லை. அதை எழுத்து ஃபைல் பார்க்கும் ஒரு ஆப்பில் திறந்து காட்டினேன். திரை முழுக்கக் கிறுக்கல் எழுத்துகள். ஆனால் ஆரம்பத்தில் தெளிவாக 'ரார்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. ஆக அது ரார் ஃபைல். யாரோ பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். உண்மையான ஜிப் ஃபைலாக இருந்தால் முதல் இரண்டு எழுத்து 'பி', 'கே' என்று இருக்கும். ஜிப் முறையை 1989இல் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வாலை சி.பி.ஆர் என்று மாற்றினோம், உடனே திறந்தது. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆரம்பத்திலேயே 'டாக்டைப்', 'ஹெச்.டி.எம்.எல்' என்கிற மாதிரி ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால், நீங்கள் இறக்கியது மங்காவே இல்லை, ஒரு வலைப்பக்கம். ஃபைலின் அளவும் சில கேபிதான் இருக்கும். இந்த ஒன்றை மட்டும் தாராளமாக அழிக்கலாம்.

வால் சரி, எழுத்தும் சரி, ஆனாலும் ரார் திறக்கவில்லை என்றால் அது 2013இல் வந்த ரார் 5 வகையாக இருக்கலாம். பழைய ரீடர்கள் பலவற்றுக்கு அது புரியாது. இசட்ஆர்கைவர் போன்ற ஆப்பில் பிரித்து, படங்களை மறுபடி ஜிப்பாகக் கட்டி, வாலை சி.பி.இசட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான் என்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் இப்படி சி.பி.இசட்டாகவே வைத்திருக்கிறேன். அது திறக்காத ரீடரை நான் இதுவரை பார்த்ததில்லை.

திறக்கிறது, ஆனால் சில பக்கங்கள் கறுப்பாக வருகின்றன

பையைப் பிரித்து அந்தப் பக்கத்தின் வாலைப் பாருங்கள். மற்றவை ஜேபெக்காக இருந்து இது மட்டும் வெப்பி அல்லது ஏவிஐஎஃப் என்றிருக்கும். இடத்தை மிச்சப்படுத்தும் புதிய பட வகைகள் இவை. ஏவிஐஎஃப் வகையை ஆண்ட்ராய்டு 12இலிருந்துதான் போன் தானாகவே புரிந்துகொள்ளும். பழைய போன் வைத்திருப்பவர்கள் அவற்றை ஜேபெக்காக மாற்றிக் கட்டினால் போதும்.

பக்கங்கள் முன்னுக்குப் பின் வருகின்றன

1க்கு அடுத்து 10, அப்புறம் 11, அப்புறம் 12, பிறகுதான் 2 என்று வந்தால் காரணம் எண் போட்ட விதம். சில ரீடர்கள் எண்ணை எண்ணாகப் பார்ப்பதில்லை. அகராதியில் சொல்லை அடுக்குவதுபோல எழுத்தாக அடுக்குகின்றன. 1, 2 என்பதை 001, 002 என்று மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெயர் மாற்றும் வசதி நிறைய ஃபைல் மேனேஜர்களில் உண்டு; இருநூறு பக்கத்தையும் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடும்.

கதை தலைகீழாகப் போகிறது

இது கோளாறு இல்லை, ஆனாலும் புதிதாகப் படிக்க வருகிற எல்லோரும் இங்கே தடுமாறுகிறார்கள். தமிழும் இடமிருந்து வலம், பர்மியமும் இடமிருந்து வலம். மங்கா வலமிருந்து இடம். பக்கம் புரட்டுவது மட்டுமில்லை, ஒரு பக்கத்துக்குள் கட்டங்களும், ஒரு கட்டத்துக்குள் பேச்சுக் குமிழ்களும் வலது மேல் மூலையிலிருந்துதான் தொடங்கும். எங்கள் வீட்டில் அக்கா மகள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "மாமா, பதில் முதல்ல வருது, கேள்வி அப்புறம் வருது" என்றாள். குமிழைத் தவறான பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள். வலது கை ஆள்காட்டி விரலைப் பக்கத்தின் வலது மேல் மூலையில் வைத்து, இடப்பக்கமாக நகர்த்தி, கீழே இறங்கச் சொன்னேன். நாலு பக்கத்தில் பழகிவிட்டது.

ரீடரின் அமைப்பில் 'வலமிருந்து இடம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஈபப் என்ற மின்புத்தக வகை ஃபைலில் திசை உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதை எழுத மறந்த ஈபப்களில் ரீடர் இடமிருந்து வலமாகவே புரட்டும். அங்கேயும் கையால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றிய பிறகும் குழப்பமாக இருந்தால், அது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட்ட பழைய ஆங்கிலப் பதிப்பாக இருக்கலாம். அந்தக் காலத்தில் மேற்கத்திய வாசகர்களுக்காகப் படத்தையே திருப்பிவிடுவார்கள். வாள்வீரர்கள் எல்லோரும் இடதுகைக்காரர்களாக இருப்பார்கள். 2002இல் டோக்கியோபாப் என்ற பதிப்பகம் திருப்பாமலே வெளியிட ஆரம்பித்தது, பிறகு மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். திருப்பிய பதிப்பு கையில் கிடைத்தால் இடமிருந்து வலமாகவே படியுங்கள்.

இரண்டு பக்கம் சேர்ந்த பெரிய படம் நடுவில் வெட்டுப்பட்டு, இரண்டு பாதியும் தனித்தனியாக வருகின்றனவா? அட்டைப் படத்தைத் தனிப் பக்கமாக வைக்கும் அமைப்பு ரீடரில் இருக்கும். அதை ஒருமுறை மாற்றிப் பாருங்கள், ஜோடி சரியாகிவிடும்.

பாதிப் பக்கம் வரை படம், அதற்குக் கீழே சாம்பல்

இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், ஏனென்றால் இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது.

சின்னது: இறக்கும்போது பாதியில் கரண்ட் போய், வைஃபை நின்று, ஃபைல் முழுசாக வரவில்லை. அனுப்பியவரிடம் ஃபைலின் அளவைக் கேளுங்கள். அவரிடம் 182 எம்பி, உங்களிடம் 140 எம்பி என்றால் விடை கிடைத்துவிட்டது. இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் ஆப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது வசதிக்காக இல்லை, அவசியத்துக்கு.

பெரியது: போலி மெமரி கார்டு. சந்தையில் மலிவாக 256 ஜிபி என்று எழுதி விற்ற கார்டு ஒன்றை ஒரு அண்ணன் என்னிடம் கொண்டுவந்தார். பல மாதமாகச் சேர்த்த தொடர்கள் அதில் இருந்தன. முதலில் போட்ட அத்தியாயங்கள் நன்றாகத் திறக்கின்றன. பிறகு போட்டவை எல்லாம் சாம்பல் அல்லது வெற்று. கணினியில் போட்டு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்தேன். அது கார்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். உண்மையில் அந்தக் கார்டில் இருந்தது 16 ஜிபிக்கும் குறைவு. மிச்சத்தைக் கார்டு வாங்கிக்கொண்டதுபோலக் காட்டிவிட்டு எங்கேயும் வைக்கவில்லை. ஃபைலின் பெயரும் அளவும் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது.

போனதை என்னால் மீட்க முடியவில்லை. அதை அவரிடம் சொன்னது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. புதுக் கார்டு வாங்கினால் ஒரு பக்கத்தைக்கூட அதில் போடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். பொருள் இருக்கிற கார்டில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். முதலில் இருப்பதை வேறு இடத்துக்கு நகலெடுங்கள்.

எழுத்து மங்கலாக இருக்கிறது, பெரிதாக்கினாலும் தெளியவில்லை

பக்கங்கள் உங்களுக்கு எப்படி வந்தன? வைபரிலோ மெசஞ்சரிலோ டெலிகிராமிலோ போட்டோவாக அனுப்பினால் வழியிலேயே படத்தைச் சுருக்கிவிடுவார்கள். குமிழுக்குள் இருக்கிற பொடி எழுத்துதான் முதலில் போகும். அனுப்புகிறவரிடம் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் என்றால் போனிலிருந்து போனுக்கு நேராக அனுப்பும் ஜாப்யா ஆப் போதும். டேட்டாவும் செலவாகாது, ஃபைலும் அப்படியே வரும்.

எழுத்து தெளிவாக இருந்து, சாம்பல் நிழல் இருக்கிற இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாகவோ அலை அலையாகவோ தெரிந்தால் அது வேறு. மங்காவில் நிழல் என்பது உண்மையில் சாம்பல் நிறம் இல்லை, நெருக்கமாக வைத்த கறுப்புப் புள்ளிகள். ஸ்கிரீன்டோன் என்பார்கள். பக்கத்தைச் சின்னத் திரைக்குச் சுருக்கும்போது அந்தப் புள்ளிகளும் திரையின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி அலையாகத் தெரிகின்றன. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியுமே, அதே கதைதான். பக்கத்தை 'அகலத்துக்குப் பொருத்து' என்று வையுங்கள், அல்லது போனைப் படுக்கை வாட்டில் திருப்புங்கள். போய்விடும்.

போன் திணறுகிறது, ரீடர் தானாக மூடிக்கொள்கிறது

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 1,600 புள்ளி அகலம், 2,400 புள்ளி உயரம் உள்ள ஒரு பக்கம் ஃபைலாக இருக்கும்போது அரை எம்பிதான். திரையில் காட்ட விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் வேண்டும். 15 எம்பிக்கு மேல் ஆகிறது. ரீடர் முன்பக்கம், பின்பக்கம், அதற்கடுத்தது என்று ஐந்தாறு பக்கத்தைத் தயாராக விரித்து வைக்கும். 2 ஜிபி ரேம் உள்ள போன் என்ன செய்யும்? முன்கூட்டியே ஏற்றும் பக்கங்களின் எண்ணிக்கையை அமைப்பில் குறையுங்கள். ஒரு தொகுதி முழுவதையும் ஒரே பிடிஎஃப்பாக வைத்திருந்தால் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து சி.பி.இசட்டாக்குங்கள். போன் மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்த பலருக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

ஃபைல் பெயர் கிறுக்கலாகத் தெரிகிறது

இது நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் எழுதியதை யூனிகோட் போனில் பார்த்தால் எப்படி இருக்கும்? 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறியபோது கடையில் எனக்கு அந்த மாதம் முழுக்க அதே வேலைதான். ஜப்பானிய ஃபைல்களுக்கும் அதே வியாதி. அங்கே பழைய கணினிகள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற முறையில் பெயரை எழுதின. நம் போன் அதை வேறு முறையில் படிக்கிறது. உள்ளே இருக்கும் படத்துக்கு ஒரு சேதமும் இல்லை. கணினியில் பேண்டிசிப் என்ற மென்பொருளில் திறந்து, மொழிக் குறியீட்டை ஜப்பானியம் என்று மாற்றினால் பெயர் நேராகிவிடும். இல்லையா, பெயரை நீங்களே மாற்றிவிடுங்கள்.

ஃபைல் போனில் இருக்கிறது, ரீடர் பார்க்க மாட்டேன் என்கிறது

ஆண்ட்ராய்டு 11இலிருந்து ஆப்புகள் நினைத்த ஃபோல்டரைத் துழாவ முடியாது. ரீடரின் அமைப்பில் ஃபோல்டரை நீங்களே தேர்ந்தெடுத்து அனுமதி கொடுக்க வேண்டும். மிஹோன் ஆப்பில் சொந்த ஃபைல்களைப் படிப்பவர்கள் அடுக்கையும் கவனிக்க வேண்டும்: 'லோக்கல்' என்ற ஃபோல்டர், அதற்குள் தொடரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அத்தியாயங்கள். அத்தியாயத்தை நேராக லோக்கலில் போட்டால் பட்டியலில் வராது. தாச்சியோமி என்ற பழைய ரீடர் ஆப்பை வைத்திருந்தவர்கள் "பழையபடி வேலை செய்யவில்லை" என்று இன்னும் கேட்கிறார்கள். 2024 ஜனவரியிலேயே அந்தத் திட்டம் நின்றுவிட்டது, இனி புதுப்பிப்பு வராது.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு. கேலரியைத் திறந்தால் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் மங்கா பக்கங்கள். அம்மா போனில் மங்கா படிக்கிற பிள்ளைகள் இதனாலேயே திட்டு வாங்குகிறார்கள். மங்கா ஃபோல்டருக்குள் ஒரு வெற்று ஃபைலைப் போடுங்கள். பெயர் ஒரு புள்ளியில் தொடங்கி, இடைவெளி இல்லாமல் 'நோமீடியா' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். கேலரி அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போய்விடும். அல்லது படங்களை சி.பி.இசட்டாகக் கட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

"உங்கள் நாட்டில் கிடைக்காது" என்கிறது

ஷூயேஷா பதிப்பகத்தின் மங்கா பிளஸ் ஆப் 2019 ஜனவரியில் வந்தது. ஜப்பான், சீனா, தென்கொரியா தவிர உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, இங்கே ஏன் சிலருக்கு மறுக்கிறது? நான் பார்த்த எல்லாப் போனிலும் ஒரே காரணம்: வி.பி.என் ஓடிக்கொண்டிருந்தது, நாடு ஜப்பான் என்று வைத்திருந்தார்கள். மங்கா ஜப்பானிலிருந்து வருவதால் ஜப்பானில் இருப்பதுபோலக் காட்டினால் நல்லது என்று நினைத்திருக்கிறார்கள். அந்த ஆப்புக்கு அது நேர் எதிர்.

விஸ் நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் சந்தா வேறு. அது சில நாடுகளுக்கு மட்டும்தான். பட்டியலில் இந்தியா உண்டு, சிங்கப்பூர் உண்டு, நம் நாடு இல்லை. நம்மில் பாதிப் பேருக்குச் சென்னையில் சொந்தம் இருக்கிறது, அறுபதுகளில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். "வியாசர்பாடி மாமா கட்டித் தருகிறேன் என்கிறார், கட்டட்டுமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். இங்கே உட்கார்ந்து படிக்க அந்தப் பணம் உதவாது என்று சொன்னேன். மாமா தர விரும்பினால், இறக்கி வைத்துப் படிக்கக்கூடிய கடையில், உதாரணத்துக்கு புக்வாக்கரில், ஒரு தொகுதி வாங்கித் தரட்டும். கரண்ட் வந்து தெருவில் "மீ லா ப்யீ" என்று சத்தம் கேட்டதும் ஆப்புக்குள் இறக்கிக்கொண்டால், அடுத்த முறை இருட்டும்போது நெட் இல்லாமலே படிக்கலாம்.

நேற்று படித்த அத்தியாயத்துக்கு இன்று பூட்டு

மங்கா பிளஸ் ஆப்பில் பெரும்பாலான தொடர்களை முதல் தடவை இலவசமாகப் படிக்கலாம், இரண்டாம் தடவைக்குச் சந்தா கேட்கும். போன் கெட்டுப் போகவில்லை. அதனால் அந்த முதல் தடவையை, பேருந்தில் தொங்கிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளி வீணாக்காதீர்கள். வாராவாரம் பத்தொன்பது இருபது பக்கம் வரைந்து கொடுக்கிறவர்கள் அந்த ஓவியர்கள். உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள்.

படிக்கப் போனால் வேறு எதையோ இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது

உடனே மூடுங்கள். "உங்கள் போனில் வைரஸ்" என்று சிவப்பில் எழுதிக் காட்டுகிற பக்கம், மங்காவைத் திருடிப் போட்டு விளம்பரத்தில் சம்பாதிக்கிறவர்களுடையது. அங்கே தருகிற ஏ.பி.கே என்ற ஆப் ஃபைலை ஏற்றியவர்களின் போனைத்தான் நான் முழுசாக அழித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவர்களுடைய போட்டோக்களோடு சேர்த்து.

மேலே சொன்ன ரீடர் வேலைகளைப் பழகிப் பார்க்க ஒரு ஃபைல் வேண்டும் என்றால் நேர்மையான வழி இருக்கிறது. சாட்டோ ஷூஹோ என்ற ஓவியர் தன் மருத்துவ மங்காவை, 'பிளாக் ஜாக் நி யோரோஷிகு' என்று பெயர், 2012 செப்டம்பரில் யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அதைத்தான் நானும் கடையில் எல்லாப் போனிலும் சோதனைக்குப் போட்டுப் பார்க்கிறேன். பையைப் பிரித்து, 001 என்று பெயர் மாற்றி, திரும்பக் கட்டி, திசையை மாற்றி ஒருமுறை செய்து பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் ஃபைலை அழிக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள்.